பார்டர்லைன்னா பார்டர் சுகர் மாதிரியா டாக்டர்?

மதிப்பிற்குரிய கண்காணிப்பாளர் ஐயாவுக்கும், மனநலப் பிரிவு டாக்டருங்களுக்கும், அன்னைக்கு ராத்திரி கேஷுவாலிட்டியில டூட்டி பாத்தவங்களுக்கும் வணக்கம்.

எந்த ஆஸ்பத்திரின்னு நான் எழுதப்போறதில்ல, படிச்சா உங்களுக்கே தெரியும். என்ன நடந்துச்சுன்னும் தெரியும். நான் நேர்ல வந்து குடுத்த மனு உங்க டேபிள் மேல இருக்கும், இல்லன்னா அந்த மனு மேல டீ டம்ளர் இருக்கும். பதில் வரல, அதான் ஊரறிய எழுதறேன்.

நான் திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு ஜெராக்ஸ் கடையில டைப் அடிக்கிறேன். பட்டா மாத்தணும், ரேஷன் கார்டுல பேர் சேக்கணும், முதியோர் பென்ஷன் நின்னுபோச்சுன்னு தெனம் எத்தனையோ பேரோட மனு என் கை வழியா போவுது, 'ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்'னு கண்ண மூடிக்கிட்டு அடிப்பேன். எனக்குன்னு ஒண்ணு எழுத உக்காந்தா அந்த வரி வரவே மாட்டேங்குது. பேசற மாதிரியே எழுதறேன், மன்னிச்சுக்குங்க.

அன்னைக்கு ராத்திரி பத்தரை மணிக்கு என் தங்கச்சிய கையில துண்ட சுத்தி ஆட்டோவுல கூட்டிக்கிட்டு வந்தேன். 23 வயசு அவளுக்கு. டூட்டியில இருந்தவரு நல்லாத்தான் பேசினாரு, 'என்னம்மா ஆச்சு, பயப்படாத'ன்னு. பழைய சீட்டு இருக்கான்னு கேட்டாரு, மஞ்சப்பைய அப்படியே குடுத்தேன். ஒவ்வொண்ணா பொரட்டிக்கிட்டு வந்தவரு கடைசி சீட்ட பாத்ததும் மொகம் மாறிடுச்சு. பக்கத்துல இருந்தவங்ககிட்ட 'பி.டி.தான்'னாரு. பர்சனாலிட்டி டிஸார்டர், அதாவது ஆளுமைக் கோளாறுங்கறதுக்குச் சுருக்கம்னு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. அவ்வளவுதான், அதுக்கப்புறம் அவரு எங்கள பாக்கவே இல்ல. பன்னெண்டேகால் வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருந்தோம், எங்களுக்குப் பின்னாடி பைக்ல விழுந்து மொழங்கால் சிராய்ச்ச தம்பி கட்டு போட்டுக்கிட்டு வீட்டுக்கே போயிட்டான்.

அப்புறம் கூப்ட்டு நாலு தையல் போட்டாங்க. மரத்துப்போற ஊசி போடலியான்னு கேட்டேன். 'வலிச்சாத்தாம்மா அடுத்த தடவ யோசிப்பா'ன்னு பதில் வந்துச்சு.

அவ கத்தல. என் ஷால் நுனிய வாயில கவ்விக்கிட்டு, சுவத்துல ஒட்டியிருந்த கை கழுவுற முறை போஸ்டரையே பாத்துக்கிட்டு இருந்தா. மொதல்ல உள்ளங்கை, அப்புறம் பொறங்கை, அப்புறம் விரல் இடுக்குன்னு இப்பவும் வரிசையா சொல்றா, கேட்டா வயித்த பெசையுது. எம்.எல்.சி., அதாவது போலீசுக்குத் தெரிவிக்கற கேஸா போடுவோம், போலீஸ் வரும்னு வேற மெரட்டல். எழுத வேண்டியத எழுதுங்க சார், நான் வேணாங்கல. ஆனா மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ல 115-வது பிரிவு என்ன சொல்லுது? தற்கொலைக்கு முயற்சி பண்ணவங்க கடும் மன அழுத்தத்துல இருந்தாங்கன்னுதான் எடுத்துக்கணும், அதுக்காக தண்டிக்கக் கூடாது, அவங்கள கவனிக்கிறது அரசாங்கத்தோட கடமைன்னு இருக்கு. அந்தக் கவனிப்பு இந்த நாலு தையல்தானா?

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணு. நோய்க்குப் பேர் வச்சா, அந்தப் பேருக்கு அர்த்தம் என்னன்னு எங்களுக்குத் தமிழ்ல உக்காந்து சொல்லுங்க. பத்து நிமிசம் போதும்.

ஏன் இத இவ்வளவு அழுத்தி கேக்கறேன்னா, அந்த மஞ்சப்பையில மூணு வருசத்துச் சீட்டு இருக்கு. மொத டாக்டர் டிப்ரெஷன்னு எழுதினாரு. ரெண்டாவது டாக்டர் பைபோலார்னு, அதாவது மனசு ஒரேயடியா ஏறி எறங்கற நோய்னு சொல்லி லித்தியம் மாத்திரை குடுத்தாரு, அதுக்காக ரத்தத்துல அளவு பாக்க எத்தன நாள் வெறும் வயித்தோட வரிசையில நின்னோம். மூணாவது சீட்டுல பேரே இல்ல, எஃப் 60.3-ன்னு பஸ் நம்பர் மாதிரி ஒரு நம்பர் மட்டும். நாலாவதுல 'பி.டி. டிரெய்ட்ஸ்', பக்கத்துல ரெண்டு பிளஸ். புள்ள ஒண்ணுதான் சார், நாலு சீட்டுல நாலு ஆளா இருக்கா.

மூணாவது டாக்டர் மட்டும் வாயால ஒரு வார்த்த சொன்னாரு, 'பார்டர்லைன்'னு. எங்க அப்பா டெம்போ ஓட்டுறவரு, வாரத்துல நாலு தடவ முள்ளோடை தாண்டி பாண்டிக்குப் போய்ட்டு வர்றவரு. அவருக்குத் தெரிஞ்ச பார்டர் ரெண்டு, ஒண்ணு அந்த பாண்டி பார்டர், இன்னொண்ணு எங்க அத்தைக்கு இருக்கற பார்டர் சுகர். 'பார்டர்னா இன்னும் வரலன்னுதான அர்த்தம், வாய கட்டினா போதும், மாத்திரை எதுக்கு'ன்னு அவரே எல்லாத்தயும் நிறுத்திட்டாரு. அந்த நாப்பது நாள் எங்க வீடு பட்ட பாடு எங்க தெருவுக்கே தெரியும். அப்பா மேல தப்பு சொல்ல எனக்கு மனசு வரல, ஏன்னா அவருக்கு யாரும் எதுவும் சொல்லல.

அப்புறம் நானேதான் கடையில கரண்ட் இல்லாத நேரத்துலயும் மொபைல்ல தேடித் தேடிப் படிச்சேன். பார்டர்லைன்ங்கறது இப்பவோ அப்பவோ வரப்போற நோய் இல்லியாம். 1938-ல அடால்ஃப் ஸ்டெர்ன்னு ஒரு டாக்டர் எழுதினப்ப, பயம், கவலைன்னு வாட்டற நியூரோசிஸ் ஒரு பக்கம், எது நிஜம்னே தெரியாமப் போற சைக்கோசிஸ் இன்னொரு பக்கம், இவங்க ரெண்டுக்கும் நடுக்கோட்டுல நிக்கறவங்கன்னு நெனச்சு வச்ச பேர். அந்த நெனப்பு போயி எவ்வளவோ காலம் ஆச்சு, பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு. 1980-ல அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் போட்ட டி.எஸ்.எம்.ங்கற மனநோய்ப் பட்டியல் புத்தகத்தோட மூணாம் பதிப்புல முறைப்படி ஏறிடுச்சு. இப்ப இருக்கற டி.எஸ்.எம்.5-ல ஆளுமைக் கோளாறு மொத்தம் பத்து, மூணு கொத்தா பிரிச்சிருக்காங்க, பார்டர்லைன் ரெண்டாவது கொத்துல வருது. ஒம்போது அடையாளம் போட்டு அதுல அஞ்சு இருந்தாலே அந்தப் பேர் குடுத்துடலாம். கணக்கு போட்டுப் பாத்தா 256 விதமா அஞ்சோ அதுக்கு மேலயோ சேரும். அப்ப ஒரே பேர் வாங்கின ரெண்டு பேரு ஒருத்தர மாதிரி ஒருத்தர் இருக்கவே தேவையில்ல, ஆனா உங்க கேஷுவாலிட்டியில எல்லாருக்கும் ஒரே மொகம், 'பி.டி.'.

பைபோலார்ல மனசு ஏறினா நாள்கணக்கா, வாரக்கணக்கா அப்படியே நிக்கும். பார்டர்லைன்ல அப்படி இல்ல, இவளுக்குக் காலையில சிரிப்பு, ஃப்ரெண்டு ஃபோன் எடுக்கலன்னா மத்தியானம் உலகமே முடிஞ்சுபோகும், சாயங்காலம் அவ கூப்ட்டா மறுபடி பூரிப்பு. இந்த வித்தியாசத்த ஒருத்தர் ரெண்டு நிமிசம் சொல்லியிருந்தா ரெண்டாவது சீட்டு வந்தப்பவே நாங்களே வாயத் தொறந்திருப்போம்.

உலக சுகாதார நிறுவனம் அவங்க பட்டியல்ல இந்த மாதிரி தனித்தனி பேரயே தூக்கிட்டாங்கன்னு படிச்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஐ.சி.டி.ங்கறதுதான் அவங்க போடற நோய்ப் பட்டியல், அதோட பதினொண்ணாம் பதிப்பு 2022 ஜனவரியிலேருந்து நடப்புல இருக்கு. அதுல ஆளுமைக் கோளாறுன்னு ஒண்ணுதான். லேசா, நடுத்தரமா, கடுமையான்னு மொதல்ல அளவு பாக்கணும், அப்புறந்தான் எந்தெந்த சுபாவம் தூக்கலா இருக்குன்னு சேத்து எழுதலாம், வேணும்னா பார்டர்லைன் மாதிரின்னு ஒரு குறிப்பு போடலாம். நான் முன்னாடி சொன்ன 2017 சட்டத்துலயே 3-வது பிரிவு, மனநோயத் தீர்மானிக்கற அளவுகோல்ல ஐ.சி.டி.யோட கடைசிப் பதிப்பயும் சேத்து சொல்லுது. ஆனா எங்க சீட்டுல இன்னும் பழைய பத்தாம் பதிப்பு நம்பர், அளவு எங்கயும் இல்ல. ரெண்டு பிளஸ்னா லேசா, நடுத்தரமா? காய்ச்சல்னா கூட நூத்தி ஒண்ணா நூத்தி மூணான்னு எழுதறீங்களே.

'டிரெய்ட்ஸ்'னா சுபாவம், கோளாறு வேறங்கறதும் படிச்சுத்தான் தெரிஞ்சுச்சு. எங்க கடை ஓனருக்கு பேப்பர் கட்டு ஒரு நூல் கோணலா இருந்தாலும் பொறுக்காது, எடுத்துத் தட்டி அடுக்கினாத்தான் டீயே எறங்கும். அது சுபாவம். அதனால அவரு பொழப்போ குடும்பமோ கெடல, கோளாறுன்னு யாரும் சொல்ல முடியாது. என் தங்கச்சிக்கு ரெண்டு வேலை போச்சு, படிப்பு பாதியில நின்னுச்சு, அத சுபாவம்னு எழுதி அனுப்பறீங்க, அப்புறம் ராத்திரியில அதே சீட்ட வச்சு கோளாறுன்னு ஒதுக்கறீங்க. ரெண்டுல எது?

எங்க அம்மாவுக்கு நான் 'ஆளுமைக் கோளாறு'ன்னு தமிழ்ல சொன்னேன். 'ஆளுமைன்னு பேனர்ல பெரிய மனுசங்களுக்குல்ல போடுவாங்க'ன்னாங்க. ஆயா ஒரு படி மேல, 'பொறவிக் குணம் செருப்பால அடிச்சாலும் போவாது'ன்னு முடிச்சுட்டாங்க. ஆயா சொல்றதுக்கும் கேஷுவாலிட்டியில சொன்னதுக்கும் என்ன வித்தியாசம்னு யோசிச்சுப் பாத்தேன், ஆயா எம்.பி.பி.எஸ். படிக்கல, அது ஒண்ணுதான். வருசக்கணக்கா பின்தொடர்ந்து பாத்த ஆய்வுகள்ல பார்டர்லைன் இருந்தவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அறிகுறி அடங்கியிருக்கு. இதுக்குப் பேச்சு சிகிச்சைதான் மொத மருந்து. அதுல டயலெக்டிகல் பிஹேவியர் தெரபின்னு ஒரு வகை இருக்கு, அத உருவாக்கின மார்ஷா லினஹான் அம்மாவே சின்ன வயசுல இதே மாதிரி கஷ்டப்பட்டு ஆஸ்பத்திரியில கெடந்தவங்கன்னு 2011-ல வெளிப்படையா சொன்னாங்க. அவங்கள யாராவது 'பி.டி.தான்'னு பெஞ்சுலயே விட்டிருந்தா?

அக்டோபர் 10 வந்தா மனநல நாள்னு ஸ்கூல் புள்ளைங்கள வெயில்ல நிக்க வச்சு 'மனம் விட்டுப் பேசுவோம்'னு அட்டை புடிக்க வைப்பாங்க, கோலப்போட்டி வேற. பேசுவோம் சார், யார்கிட்ட? ஓ.பி.ல நாலு நிமிசத்துக்கு ஒரு டோக்கன், ஃபேன் ஓடாது, பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்ல, கவுன்சிலர் ரூம் கதவுல பூட்டு, அது... சரி விடுங்க, அதையெல்லாம் எழுதினா இது வேற மனுவா போயிடும். உங்களுக்கும் ஆள் பத்தல, எழுவது எம்பது பேர ஒரு காலையில பாக்கறீங்க, அது எனக்கும் தெரியும். எனக்கு டாக்டருங்க மேல கோவம் இல்ல. இருக்கு, கொஞ்சம் இருக்கு.

அதனால மறுபடியும் தாழ்மையாவே கேக்கறேன் (பாருங்க, கை தானா அடிக்குது). பேர் வச்சா அர்த்தம் சொல்லுங்க. இது நான் கேக்கற சலுகை இல்ல, அதே 2017 சட்டத்துல 22-வது பிரிவுப்படி, தனக்கு என்ன நோய், என்ன வைத்தியம், மருந்தோட பக்கவிளைவு என்னங்கறத தெரிஞ்சுக்கற உரிமை அவளுக்கு இருக்கு, அதுவும் அவளுக்குப் புரியற மொழியில. எந்த அளவுல இருக்குன்னு சீட்டுல எழுதுங்க. அப்புறம் அந்த ரெண்டு எழுத்த பாத்து ஊசி போடாம தைக்கக் கூடாதுன்னு கேஷுவாலிட்டியில ஒரு சர்க்குலர் ஒட்டுங்க, கை கழுவுற போஸ்டர் பக்கத்துலயே எடம் இருக்கு, நான் பாத்தேன்.

வர்ற வியாழக்கெழம ரிவ்யூ. அப்பாவும் அன்னைக்கு டெம்போ எடுக்கலன்னு சொல்லியிருக்காரு, மூணு பேரும் வர்றோம், மஞ்சப்பையும் வரும். பத்து நிமிசம் எங்களுக்கு ஒதுக்கி வைங்க.

இப்படிக்கு,
நாலு சீட்டையும் ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கற அக்கா
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்