திருச்சபை நீதிபதியும் அவர் பக்கத்தில் அமரும் எழுத்தரும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருச்சபை நீதிமன்றங்களைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதும்போது பெரும்பாலும் இரண்டு காட்சிகளே வருகின்றன. ஒன்று, நடுக்கால ஐரோப்பாவின் மதவிரோத விசாரணையும் தீயும். மற்றொன்று, திருமணத்தை 'ரத்து செய்து கொடுக்கும்' ஆயர் (பிஷப்) அலுவலகம். இவற்றுக்கு அப்பால் 1,700 ஆண்டு வரலாறு இருக்கிறது. திருச்சபை நீதிபதி என்ன செய்தார், எதைச் செய்யவிடாமல் சட்டம் அவரைத் தடுத்தது, அந்தத் தடுப்பு தளர்ந்த இடத்தில் என்ன நேர்ந்தது என்று தெரிந்தால்தான் இன்றைய தீர்ப்பு ஒன்று முறையாக வந்ததா என்று பேச முடியும்.

தொடக்க நூற்றாண்டுகளில் ஆயரே நீதிபதி. 318இல் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர் சொல்லும் தீர்ப்புக்கு அரசின் அங்கீகாரம் கொடுத்தார். 333இல், ஒரு தரப்பு விரும்பினாலே வழக்கை ஆயரிடம் கொண்டுபோகலாம் என்று அதை விரித்தார். அது நீடிக்கவில்லை. 398இல் கிழக்கிலும் 408இல் மேற்கிலும், இரு தரப்பும் சம்மதித்தால் மட்டுமே ஆயர் விசாரிக்கலாம் என்றாயிற்று. அப்படியும் சொத்துத் தகராறுகள் ஆயர்களிடம் வந்து குவிந்தன. ஹிப்போ நகரின் ஆயர் அகுஸ்தினார் சில நாள் உணவு வேளை வரையும், சில நாள் பொழுது முழுவதும் உண்ணாமலும் வழக்குக் கேட்டார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதிய பொசிதியுஸ் பதிவு செய்திருக்கிறார். முன்பின் தெரியாத இருவருக்குத் தீர்ப்புச் சொன்னால் ஒரு நண்பர் கிடைப்பார், நண்பர்கள் இருவருக்குச் சொன்னால் ஒருவரை இழக்க நேரும் என்ற கருத்தை அகுஸ்தினார் ஏற்றுப் போற்றினார் என்கிறார் அவர். இன்றைய கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் எண் 1448 அந்தக் கவலையை விதியாகவே ஆக்கியிருக்கிறது. நேர்வழி உறவு எத்தனை தலைமுறையானாலும் சரி, பக்கவழி உறவு நான்காம் படி வரையிலும் சரி, நெருங்கிய பழக்கம், கடும் பகை, ஆதாயம் எதுவானாலும் சரி, நீதிபதி தாமாகவே விலகிக்கொள்ள வேண்டும்.

1140 வாக்கில் போலோஞ்ஞாவில் கிராசியான் திருச்சபை விதிகளைத் தொகுத்த பிறகு சட்டம் ஒரு தனிப் படிப்பானது. ஆயர் ஒருவரே எல்லாவற்றையும் கேட்டு முடிக்க இயலாத நிலையும் வந்தது. 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆயரின் பெயரால் வழக்குக் கேட்கும், சட்டம் படித்த அலுவலர் தோன்றுகிறார். இன்று அவரை நீதித்துறைப் பதில்குரு என்கிறோம். அவருடைய மன்றமும் ஆயருடைய மன்றமும் ஒன்றே. ஆகவே அவர் தீர்ப்பை எதிர்த்து ஆயரிடம் மேல்முறையீடு செய்ய முடியாது. பொதுவாகப் பேராயரின் மன்றத்துக்குப் போக வேண்டும். இந்த நுட்பம் தெரியாமல் 'ஆயரிடம் முறையிட்டும் பலனில்லை' என்று செய்தி எழுதுகிறார்கள்.

இந்த வரலாற்றில் மிகுதியாகப் பேச வேண்டிய ஆண்டு 1215. திருத்தந்தை (போப்) மூன்றாம் இன்னொசென்ட் கூட்டிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் (ஆயர்களின் பேரவை) நீதிபதிகளைப் பல பக்கமும் கட்டியது. கொதிநீரிலோ பழுக்கக் காய்ச்சிய இரும்பிலோ குற்றத்தைச் சோதிக்கும் சடங்குக்குக் குருக்கள் ஆசி வழங்கக் கூடாது என்றது விதி 18. அந்த ஆசி இல்லாமல் சோதனைக்கு மதிப்பில்லை. ஆகவே, இனிச் சாட்சியையும் ஆவணத்தையும் எடைபோட்டே உண்மையைக் காண வேண்டியிருந்தது. எதிராளியை அலைக்கழிப்பதற்காகவே தொலைவிலுள்ள நீதிபதியிடம் வழக்குப் போடும் தந்திரத்தை விதி 37 தடுத்தது: மறைமாவட்ட (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி) எல்லையிலிருந்து இரண்டு நாள் பயணத்துக்கு மேல் யாரையும் இழுக்கக் கூடாது.

இவற்றையெல்லாம்விடப் பெரியது விதி 38. அநியாயமான நீதிபதியிடம் மாட்டிக்கொண்ட நிரபராதி தன் தரப்பை எப்படி நிறுவ முடியும் என்ற கேள்வியிலிருந்து அது தொடங்குகிறது. விடை: நீதிபதி எப்போதும் ஒரு பொது எழுத்தரையோ தகுதியான இருவரையோ பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அழைப்பாணை, தவணை, மறுப்பு, கேள்வி, பதில், சாட்சியம், ஆவணம், இடைக்கால உத்தரவு, மேல்முறையீடு எல்லாம் இடம், நேரம், ஆள் பெயரோடு எழுதப்பட வேண்டும். படிகள் தரப்பினருக்கு, மூலம் எழுத்தரிடம். நீதிபதி இதைச் செய்யத் தவறி அதனால் சிக்கல் எழுந்தால், மேல் நீதிபதி அவரைத் தண்டிக்க வேண்டும். ஏட்டில் சான்று இருக்கும் அளவுக்கு மேல் அவர் முறையாகத்தான் நடந்திருப்பார் என்று யாரும் ஊகிக்கக் கூடாது. நீதிபதி சொன்னார் என்பதற்காக நம்பாதே, ஏட்டைப் பார் என்று ஒரு திருச்சங்கமே சட்டம் போட்டது. 800 ஆண்டுகளுக்குப் பிறகும் எழுத்தர் கையொப்பமிடாத நடவடிக்கை செல்லாது என்கிறது எண் 1437.

அந்த ஏடு எதற்குப் பயன்படும் என்பதற்கு, மதவிரோதி என்று தீர்ப்பிடப்பட்டு எரிக்கப்பட்ட பிரெஞ்சுப் பெண் ஜோன் ஆஃப் ஆர்க்கின் வழக்கைவிடத் தெளிவான சான்று கிடையாது. 1431இல் ரூவானில் அவரை விசாரித்தவர் போவே மறைமாவட்ட ஆயர் பியேர் கோஷோன். அவர் ஜோனின் எதிரிகளான ஆங்கிலேயர் பக்கம் நின்றவர். எண் 1448 சொல்லும் பகைக்கு இலக்கணம். தன் வழக்கைத் திருத்தந்தையிடம் கொண்டுபோகும்படி ஜோன் கேட்டது ஏற்கப்படவில்லை. அவருடைய நீண்ட பதில்களைப் பன்னிரண்டு கூற்றுகளாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தின்மேல் அறிஞர்களிடம் கருத்துக் கேட்டார்கள். ஆனால் எழுத்தர் கில்லோம் மான்ஷோன் விசாரணையின்போது பிரெஞ்சில் எழுதிய குறிப்புகள் அழியாமல் இருந்தன. 1455இல் திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துஸ் நியமித்த நீதிபதிகள் முன் மான்ஷோன் அவற்றை ஒப்படைத்துச் சாட்சியமும் சொன்னார். 1456 ஜூலை 7 அன்று பழைய தீர்ப்பு செல்லாததாக்கப்பட்டது. பன்னிரண்டு கூற்றுகளும் வஞ்சகமாகத் திரட்டப்பட்டவை என்று புதிய தீர்ப்பு கண்டித்தது. எரிக்கப்பட்டவர் திரும்பவில்லை. அந்தக் கொடுமையைச் சிறிதாக்கிப் பேச இக்கடிதம் எழுதவில்லை. ஆனால் தவறு செய்த நீதிபதியைப் பிடித்துக் கொடுத்தது திருச்சபை நீதிமன்றத்தின் சொந்த ஏடுதான்.

மதவிரோத விசாரணை மன்றங்களின் அநீதிக்கும் வேர், நீதிபதியைக் கட்டும் இத்தகைய தடுப்புகள் தளர்ந்ததில்தான் இருக்கிறது. அங்கே குற்றம் சாட்டுபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரே. 1252இல் திருத்தந்தை நான்காம் இன்னொசென்ட் சித்திரவதைக்கு அனுமதி கொடுத்தார். ஆபத்து என்று காரணம் காட்டிச் சாட்சிகளின் பெயரை மறைக்கவும் இடமிருந்தது. யார் சொன்னார் என்று தெரியாதவன் எதை மறுப்பான்?

வேகத்துக்காக நடைமுறையைச் சுருக்குவதும் பழைய பிரச்சினையே. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருத்தந்தை ஐந்தாம் கிளமெந்து, சில வகை வழக்குகளை ஆரவாரமின்றி எளிமையாக நடத்தலாம் என்றார். எழுத்து மனு தேவையில்லை, விடுமுறை நாளிலும் விசாரிக்கலாம். ஆனால் தேவையான சாட்சியத்தையும் முறையான எதிர்வாதத்தையும் வெட்டக் கூடாது என்று எல்லையும் வகுத்தார். திருமண வழக்குகளில் அந்த எல்லை மீறப்பட்டது. ஒரே நீதிபதி, எதிர்தரப்பு வராமலே தீர்ப்பு, மேல்முறையீடும் இல்லை என்ற நிலை பரவியதால் 1741இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் திருமணப் பிணைப்பின் காப்பாளர் என்ற பதவியை ஏற்படுத்தினார். திருமணம் செல்லும் என்பதற்குச் சொல்லத்தக்க நியாயங்களை எடுத்து வைப்பது அவர் கடமை. அவர் இல்லாத விசாரணை செல்லாது. திருமணம் செல்லாது என்று ஒத்த தீர்ப்புகள் இரண்டு வேண்டும் என்பதும் அன்று வந்தது. அந்த இரண்டாம் விதியை 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் நீக்கினார்.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1545ஆம் ஆண்டுச் சட்டம் திருமணமான பொதுநிலையினரும் (குருக்கள் அல்லாதவரும்) சட்ட முனைவர் பட்டம் பெற்றிருந்தால் திருச்சபை நீதிபதியாகலாம் என்றது. 1857இல் திருமணமும் உயில் வழக்குகளும் அரசு நீதிமன்றங்களுக்கு மாறின. இன்று அங்கே மறைமாவட்ட நீதிபதியின் மேசையில் பெரும்பாலும் இருப்பவை கோயில் கட்டடத்தில் மாற்றம் செய்ய அனுமதி கேட்கும் மனுக்கள்.

இப்போது கத்தோலிக்கத் திருமண வழக்குக்கு வருவோம். நீதிபதி பிணைப்பை வெட்டுவதில்லை. சம்மதம் சொன்ன அந்த நேரத்தில் ஏதேனும் ஒரு குறையால் திருமணம் உருவாகாமலே போனதா என்று பார்க்கிறார். மூன்று நீதிபதிகள் அமர்வார்கள். தலைமை வகிப்பவர் குருவைப் போலத் திருநிலை பெற்றவராக இருக்க வேண்டும். மற்ற இருவரும் பொதுநிலையினராக, பெண்களாகவும், இருக்கலாம். மனு ஏற்கப்பட்டதும் எதிர்தரப்புக்கு அழைப்பாணை போகும். பிறகு எந்தக் காரணத்தின்மேல் வழக்கு என்பது ஒரு கேள்வியாக வரையறுக்கப்படும். சாட்சிகளைத் தனித்தனியே, தரப்பினர் இல்லாமல், எழுத்தர் முன்னிலையில் விசாரிப்பார்கள். கேள்விகளை முன்கூட்டித் தெரிவிக்கக் கூடாது. எழுதியதைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டித் திருத்த வாய்ப்பளிக்க வேண்டும். அடுத்தது, பல மன்றங்கள் சறுக்கும் படி: தரப்பினர் இதுவரை பார்க்காத ஏடுகளை மன்ற அலுவலகத்தில் பார்க்கவிட வேண்டும். எண் 1598 இதை மீறினால் செல்லாமை என்றே எச்சரிக்கிறது. எதிர்வாதத்துக்கே இடம் தராத தீர்ப்பு, குணப்படுத்த முடியாத செல்லாமை உடையது. பத்தாண்டு வரை அதற்கு எதிராக வழக்குத் தொடரலாம். காரணம் எழுதாத தீர்ப்பும் செல்லாது, ஆனால் அதற்கான முறையீட்டுக்கு மூன்று மாதமே.

முடிவெடுக்கும் நாளில் ஒவ்வொரு நீதிபதியும் தம் கருத்தைக் காரணத்தோடு எழுதிக்கொண்டு வர வேண்டும். விவாதத்தில் மனம் மாறலாம். மாறாதவர் தம் மாற்றுக் கருத்தை மேல்மன்றத்துக்கு அனுப்பச் சொல்லலாம். தேவைப்படுவது அறநிலை உறுதி. 1942இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் விளக்கியபடி, நியாயமான ஐயம் எதுவும் மிஞ்சக் கூடாது. வேறு விதமாக இருக்கவே முடியாது என்ற முழு உறுதி தேவையில்லை. அந்த உறுதி கிடைக்காவிட்டால் திருமணம் செல்லும் என்றே கொள்ள வேண்டும். இரக்கம் காட்டுவதாக நினைத்து இந்த அளவைத் தாழ்த்தும் நீதிபதி, அடுத்த தரப்பிலுள்ளவருக்கு அநீதி செய்கிறார்.

ஆகவே உங்கள் செய்தியாளர்களிடம் ஒரு வேண்டுகோள். திருச்சபைத் தீர்ப்பு ஒன்றைப் பற்றி எழுதுமுன், எதிர்தரப்புக்கு அழைப்பாணை சேர்ந்ததா, ஏட்டைப் பார்க்க விட்டார்களா, எழுத்தர் கையொப்பம் இருக்கிறதா என்று கேளுங்கள். வாசகர்களில் யாரேனும் இப்படி ஒரு வழக்கில் இருந்தால், தீர்ப்பின் படி கைக்கு வந்த நாளைக் குறித்து வையுங்கள். அறிவிப்புக் கிடைத்ததிலிருந்து 15 நாளுக்குள், தீர்ப்புச் சொன்ன அதே மன்றத்தில் மேல்முறையீட்டைப் பதிய வேண்டும். அதன்பின் ஒரு மாதத்துக்குள் மேல்மன்றத்தில் அதைத் தொடர வேண்டும்.

இப்படிக்கு,
திருச்சபைச் சட்டம் பயின்ற வாசகர்கள்