நவாரோ ஆற்றங்கரைக் காடு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடச் சொல். பெரியவளுக்கு வேலை கிடைத்த விஷயத்தை வீட்டில் சொன்னேன், எல்லாருக்கும் ரொம்பச் சந்தோஷம். நாங்கள் சுகம். பையன் என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான்.

காசு கொடுத்துக் காட்டுக்குள் போய்த் தரையில் படுக்கிறீர்களே, அதில் அப்படி என்னடா இருக்கிறது என்று கேட்டிருந்தாய். போன வாரம்தான் அப்படி ஒரு இடத்துக்குப் போய்விட்டு வந்தோம். அதைப் பற்றியே எழுதுகிறேன்.

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரம் போல ஓட்டினால் மெண்டசீனோ கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வரும். அங்கே நவாரோ என்று ஒரு சின்ன ஆறு. அதை ஒட்டியே 128ஆம் எண் சாலை வளைந்து வளைந்து பசிபிக் கரைக்குப் போகிறது. கடைசி 11 மைலுக்கு இரண்டு பக்கமும் ரெட்வுட் மரங்கள், வானத்தைத் தொடுகிற மாதிரி வளர்கிற ஒரு ஊசியிலை மரம். நடுப்பகலிலும் ஹெட்லைட் போட்டுக்கொண்டுதான் ஓட்டினேன். கடலுக்குக் கொஞ்சம் முன்னால் பால் டிம்மிக் என்கிற முகாம் இருக்கிறது. வசதி என்று சொன்னால் ஒரு மர மேசை, நெருப்பு மூட்ட ஒரு இரும்பு வளையம், குழிக் கழிப்பறை, அவ்வளவுதான். ஷவர் கிடையாது, ஆற்றில்தான் குளியல். குடிதண்ணீரை வீட்டிலிருந்தே கேன்களில் ஏற்றிக்கொண்டு போனோம். முதல் ராத்திரிக்குப் புளியோதரை, மறுநாள் காலையில் கல்லில் ஊற்றிய தோசை. தரையில் கிடக்கிற சுள்ளியை எடுத்து எரிக்கக் கூடாது என்பதால் விறகையும் காசு கொடுத்துத்தான் வாங்கினோம். ஏன் இந்தக் கெடுபிடி என்பது மறுநாள்தான் புரிந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

விடியற்காலையில் டென்ட் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம். மழை என்று நினைத்து வெளியே வந்தால் வானத்தில் மழையே இல்லை, மூடுபனி. கலிபோர்னியாவின் இந்தப் பக்கம் கோடை முழுக்க மழை கிடையாது. கடலிலிருந்து ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஏறி வருகிற பனி இலைகளில் படிந்து, திரண்டு, கீழே சொட்டுகிறது. ரெட்வுட் காட்டுக்கு வருடத்தில் கிடைக்கிற தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு போல இப்படிப் பனியிலிருந்துதான் வருகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொல்லியிருக்கிறார்கள். கடற்கரையை விட்டு ரொம்ப உள்ளே தள்ளி இந்த மரம் இருப்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மரத்தடி முழுக்க மூன்று மூன்று இலையாக ஒரு கீரை படர்ந்திருந்தது. கிள்ளி வாயில் போட்டேன், நல்ல புளிப்பு. நம் வயல் வரப்பில் முளைக்குமே புளியாரை, அதற்கு நெருங்கிய சொந்தம். இது நிழலுக்கே பழகிய செடி. மரங்களுக்கு நடுவே வெயில் நேராக விழுந்தால் கொஞ்ச நேரத்தில் இலையைக் கீழே மடக்கிக்கொள்கிறது, நிழல் வந்ததும் திரும்ப விரிக்கிறது. பையன் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆனால் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது வேறு. எங்கள் டென்ட்டுக்குப் பின்னால் ஒரு பழைய அடிக்கட்டை இருந்தது, பத்துப் பேர் ஏறி நிற்கலாம், அவ்வளவு பெரியது. அதன் பக்கவாட்டில் ஆள் உயரத்தில் கோடரியால் கொத்திய பொந்துகள். கையை உள்ளே விட்டால் மணிக்கட்டு வரை போகிறது. அந்தக் காலத்து மரம்வெட்டிகள் அதில் பலகையைச் செருகி, பலகை மேல் நின்று இழுப்பு ரம்பத்தால் அறுத்திருக்கிறார்கள். அடிமரம் ரொம்பப் பருத்திருக்கும் என்பதால் அதற்கு மேலே ஏறி நின்றுதான் வெட்ட வேண்டும். இந்தக் கரையோரத்தில் 1850களிலேயே மர ஆலைகள் வந்துவிட்டன. நல்ல துறைமுகம் இல்லாததால் பாறை மேலிருந்து சரிவுப் பலகை வழியாகக் கப்பலுக்கு மரத்தை இறக்கியிருக்கிறார்கள். 1906 நிலநடுக்கத்துக்குப் பிறகு சான் ஃபிரான்சிஸ்கோவைத் திரும்பக் கட்டவும் ரெட்வுட்தான் போனது. பழைய ரெட்வுட் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது நூற்றுக்கு ஐந்து பங்குதான் என்கிறார்கள்.

அப்படியென்றால் எங்கள் தலைக்கு மேல் நின்ற காடு எது? அந்த அடிக்கட்டையைச் சுற்றி வட்டமாக வளர்ந்த மரங்கள்தான். ஊசியிலை மரங்களை வெட்டினால் பெரும்பாலும் அதோடு சரி. ரெட்வுட் அப்படியில்லை. வாழைக்குப் பக்கக்கன்று வருவது போல, வெட்டிய மரத்தின் தூரிலிருந்தே கிளம்பி வருகிறது. ஆற்று வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்து அடிமரத்தை மூடினாலும் அந்த வண்டலுக்குள் புது வேர் விடுகிறது. இதே ஆற்றின் மேல்பக்கம் ஹெண்டி வுட்ஸ் என்ற இடத்தில் கோடரி படாத பழைய மரங்கள் இருக்கின்றன. அங்கேயும் போனோம், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தது. ஆனாலும் என் மனம் டிம்மிக்கில்தான் நின்றது. மொட்டையடித்த இடத்தில் தானாக எழுந்து வந்த காட்டுக்கு நடுவில் தூங்கினோம் என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

ஆறுதான் இன்னும் முழுசாகத் தேறவில்லை. கோஹோ சால்மன் என்கிற மீன் கடலிலிருந்து திரும்பி வந்து முட்டையிடுகிற ஆறு இது. இந்தப் பகுதிக் கோஹோவை அழியும் நிலையில் உள்ளது என்று 2005இல் அறிவித்தார்கள். குஞ்சுகள் கோடையைத் தாண்ட ஆழமான, குளிர்ந்த மடு வேண்டும். ஓடையில் விழுந்து கிடக்கிற பெருமரங்கள்தான் தண்ணீரைத் திருப்பி, அடியை அரித்து, அந்த மடுக்களை உண்டாக்குகின்றன. ஒரு காலத்தில், மீன் ஏறுவதற்கு மரங்கள் தடை என்று நினைத்து இந்தப் பக்கத்து ஓடைகளிலிருந்து அவற்றையெல்லாம் இழுத்து எடுத்துவிட்டார்கள். இப்போது அதே ஓடைகளில் வேலை மெனக்கெட்டுத் திரும்ப மரங்களைப் போடுகிறார்கள். சுள்ளியைக்கூடத் தொடாதே என்று சொன்னதில் இனி எனக்கு வருத்தமில்லை. விழுந்தது விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

அடுத்த வருடம் சான் ஹோசேவுக்குத் தங்கை வீட்டுக்கு வரப்போவதாக எழுதியிருந்தாயே, கோடையிலேயே வந்துவிடு. கோடையில் ஆறு மெலிந்ததும் அலை மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடும். பிறகு முதல் மழைக்குத் தண்ணீர் கடலுக்குப் போக வழியில்லாமல் பின்வாங்கிச் சாலை மேல் ஏறிவிடும், 128ஐ மூடிவிடுவார்கள். ஜூலையிலும் ராத்திரி குளிரும், ஸ்வெட்டர் எடுத்து வா. டென்ட் இன்னொன்று நான் வாங்கி வைக்கிறேன். விசா நேர்காணல் என்றைக்கு என்று எழுது. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் ரூம்மேட்