அந்த ஒரு வரி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கியதை இரண்டு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் "பத்து நாளாக வறட்டு இருமல், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, வயதாகிறது இல்லையா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். நேற்று இரவு முழுவதும் அந்த வரிதான் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. காரணம் என் அக்கா.

அவளுக்கு அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும். அதைத் தடுக்க இரவில் ஒரு நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஒன்றரை ஆண்டு விடாமல் போட்டாள். தொற்று நின்றது, இருமல் பிடித்தது. வழி நெடுகப் பேசிக்கொண்டே நடப்பவள், நடக்கும்போது பேசுவதையே விட்டுவிட்டாள். கூடவே நடந்த நான் அதைக் கவனிக்கவில்லை என்பதுதான் இன்றும் உறுத்துகிறது. இருமல் மருந்து, இன்ஹேலர், ஆன்டிபயாடிக் என்று மாதங்கள் போயின. காசநோய் இல்லை, இதயத்திலும் கோளாறு இல்லை.

கடைசியில் பார்த்த நுரையீரல் மருத்துவர் அவள் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். மூச்சை இழுக்கும்போது, செருப்பின் வெல்க்ரோ பட்டையைப் பிரிப்பது போன்ற சத்தம் வருகிறது என்றார். என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, அக்கா ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் சொன்னாள். வீட்டிலுள்ள அத்தனை அட்டைகளையும் கொண்டுவரச் சொன்னார். மறுநாள் பையை மேசையில் கவிழ்த்ததும், அந்த இரவு மாத்திரையைத்தான் முதலில் எடுத்தார். நுரையீரல் பாதிப்பு மருந்தால்தான் வந்தது என்று அடித்துச் சொல்லத் தனிச் சோதனை கிடையாதாம். மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் அங்கே வந்து சேர வேண்டுமாம். மாத்திரையை நிறுத்தி, சில மாதம் ஸ்டீராய்டு கொடுத்தார். இப்போது நடந்துகொண்டே பேசுகிறாள். ஆனால் ஸ்கேனில் நுரையீரலில் தெரிந்த தழும்பு முழுதாகப் போகவில்லை.

நீ மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெதோட்ரெக்சேட் போடத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது அல்லவா? அதுவும் நுரையீரலை அழற்சிக்கு உள்ளாக்கக்கூடிய மருந்துதான். அரிதாகத்தான் நடக்கும், நடந்தால் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள். குறைந்த அளவில் போடுகிறவர்களுக்கும் வந்திருக்கிறது. சில நாட்களிலேயே முற்றிவிடவும் கூடும். நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து என்பதால் உனக்கு வந்திருப்பது தொற்றாகவும் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் காத்திருக்கும் விஷயம் இல்லை.

உன் கணவருக்கு ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மாத்திரை போட்டபோது வந்த இருமலை நினைத்துக்கொண்டு இதையும் விட்டுவிடாதே. அது தொண்டையைக் கிளறும் இருமல், மருந்தை மாற்றியதும் நின்றது, நுரையீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. உனக்கு மூச்சு வாங்குகிறது.

மெதோட்ரெக்சேட் மோசமான மருந்து என்று நான் சொல்லவில்லை. உன் விரல்கள் மறுபடி மடங்குவது அதனால்தான். ஆனால் அடுத்த மாத்திரைக்கு முன்பே, அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் இருமலையும் மூச்சுத்திணறலையும் சேர்த்துச் சொல். காய்ச்சல் வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே போ. எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போ, நிறுத்திவிட்டவற்றையும்தான்.

பார்த்துவிட்டு வந்ததும் எனக்குப் போன் செய். கடிதம் வரும்வரை என்னால் காத்திருக்க முடியாது.

உன்
பழைய பெஞ்சுத் தோழி