லெட்னிட்செ வரலாற்றைத் திருத்தித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

செக் நாட்டின் தென் மொராவியாவில், ஆஸ்திரிய எல்லைக்கு அருகே, டியே ஆற்றங்கரையில் இருக்கிறது லெட்னிட்செ. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். அந்த ஊரையும் அங்குள்ள லிக்டன்ஸ்டைன் பிரபு குடும்பத்தின் மாளிகையையும் பற்றிய தமிழ்க் குறிப்பு அச்சாகி வந்துவிட்டது. அதில் பிழை குறைவாக இருந்தால் அது உங்களால்தான். பெயர்களை இங்கே போடவில்லை. உங்களில் பலர் வேண்டாம் என்றீர்கள். ஆனால் 'உதவிய அனைவருக்கும் நன்றி' என்று ஒரு வரியில் முடித்துவிடவும் மனம் வரவில்லை. நீங்கள் கைவைத்துத் திருத்திய ஒவ்வோர் இடமும், இந்த ஊரைப் பற்றி எழுத வருகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம். ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

முதல் நன்றி செக் மொழி சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்கு. இன்றைய செக் பேச்சில் 'லெட்னிட்செ' என்றால் குளிர்சாதனப் பெட்டி. மாளிகையைக் குறிக்கும் 'ஸாமெக்' என்ற சொல்லுக்குப் பூட்டு என்றும் பொருள். இரண்டையும் சேர்த்து இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டால் 'ஃபிரிட்ஜ் பூட்டு' என்று வந்து நின்றாலும் ஆச்சரியப்பட வேண்டாம். அதைவிட முக்கியமானது, 'ஹ்ரத்', 'ஸாமெக்' என்ற இரண்டு சொற்களையும் நம்மவர்கள் 'கோட்டை' என்றே எழுதிவிடுவது. ஹ்ரத் என்பது பகைவரைத் தடுக்கக் கட்டியது. ஸாமெக் என்பது குடியிருக்கவும் விருந்து நடத்தவும் கட்டியது. லெட்னிட்செயில் இன்று நிற்பது ஸாமெக். அதன் கோபுரங்களும் பல்வரிசை மதில் விளிம்பும் 1846க்கும் 1858க்கும் இடையில் அழகுக்காக வைத்தவை. அங்கிருந்து யாரும் அம்பு எய்ததில்லை. குறிப்பு முழுக்க 'மாளிகை' என்றே வைத்ததற்கு அவர்தான் காரணம்.

பழைய ஆவணங்களைத் தேட ஜெர்மன் பெயர் வேண்டும்: ஐஸ்குரூப். ஆவணக் காப்பகப் பட்டியல்களில் பாதி விஷயம் இந்தப் பெயரில்தான் ஒளிந்திருக்கிறது. செக் பெயரை மட்டும் தட்டச்சு செய்து 'ஒன்றும் இல்லை' என்று எழுந்து போகிறவர்கள் அதிகம்.

ஆண்டுகளைச் சரிபார்த்த இரு ஆய்வாளர்களுக்கு அடுத்த நன்றி. ஊர் முதன்முதலில் எழுத்தில் வருவது 1222இல். 1249இல் அரசர் முதலாம் வாட்ஸ்லாவ் இந்த இடத்தை சீக்ஃபிரீட் சிரோடெக் என்ற ஆஸ்திரியப் பிரபுவுக்குக் கொடுக்கிறார். அதே 1249இல் பக்கத்து மிகுலோவ் ஹைன்ரிக் லிக்டன்ஸ்டைன் கைக்குப் போகிறது. இரண்டையும் கலந்து 'லெட்னிட்செ 1249 முதல் லிக்டன்ஸ்டைன்களுடையது' என்று எழுதுவது எங்கும் பரவிக் கிடக்கும் பிழை. அவர்கள் இங்கே வேரூன்றியது அதற்குப் பிறகுதான்.

பிரபுக்களின் எண்களிலும் இதே தொல்லை. பூங்காவில் மசூதிக் கோபுரம் போல நிற்கும் மினாரெட்டைக் கட்டியவர் முதலாம் அலாய்ஸ், 1805இல் இறந்தவர். மாளிகையை, இடைக்காலக் கட்டடப் பாணியைப் பின்பற்றும் இன்றைய நவ-கோதிக் உருவத்துக்கு மாற்றியவர் இரண்டாம் அலாய்ஸ், 1858இல் இறந்தவர். இடையில் பூங்காவைப் புரட்டிப்போட்டவர் முதலாம் யோஹான். அப்புறம் 1858 முதல் 1929 வரை எழுபது ஆண்டுகள் ஆண்ட இரண்டாம் யோஹான். எண்ணை விட்டு 'பிரபு அலாய்ஸ்' என்று எழுதினால் ஐம்பது ஆண்டு காணாமல் போகும். கட்டடக் கலைஞர்களிலும் கவனம் வேண்டும்: நவ-கோதிக் வேலையைத் தொடங்கிய கியோர்க் விங்கெல்முல்லர் 1848இலேயே இறந்துவிட்டார், முடித்தவர் யோஹான் ஹைட்ரிக். இத்தனை மாற்றத்திலும் தப்பித்து நிற்பது, ஃபிஷர் ஃபான் எர்லாக் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடிவமைத்த குதிரை லாயக் கட்டடம்.

தேவாலயப் பதிவேடுகளை எங்களோடு உட்கார்ந்து வாசித்தவருக்கு நன்றி சொல்லச் சொற்கள் போதாது. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் பிர்னோவில் உள்ள மொராவிய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தவை. படங்களாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கிடைப்பது எளிது, வாசிப்பதுதான் பாடு. குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'எ' (e) எழுத்து 'ந்' (n) போல இரண்டு கோடாக நிற்கும். 'உ' (u) எழுத்தை 'ந்'இலிருந்து பிரித்துக் காட்ட மேலே ஒரு சின்ன வளைவு போடுவார்கள். எழுதியவர் அவசரத்தில் அதை விட்டிருந்தால் ஊகம்தான். புள்ளியில்லாத ஓலைச்சுவடி வாசித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். அவர் சொன்ன வழி இது: முதலில் பாதிரியாரின் கையெழுத்தில் நிச்சயமாகத் தெரிந்த சொற்களைப் பிடியுங்கள். ஊர்ப் பெயர், மாதம், 'கத்தோலிக்கர்' போன்று பக்கத்துக்குப் பக்கம் வரும் சொல். அவற்றிலிருந்து அந்த ஒருவருடைய எழுத்து அட்டவணை ஒன்று தயாரித்துக்கொண்டு, பிறகே ஆட்பெயர்களுக்குப் போங்கள். பாதிரியார் மாறினால் அட்டவணையும் மாறும்.

மாதத்தில் இன்னொரு பொறி. '7' என்று எழுதிப் பக்கத்தில் 'பெர்' என்று இருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். லத்தீனில் செப்டெம் என்றால் ஏழு. அப்படியே 8 அக்டோபர், 9 நவம்பர், ரோமன் பத்து டிசம்பர். இதைக் கவனிக்காதவர்கள் கையில், திருமணத்துக்கு முன்னாலேயே பிள்ளைகள் பிறந்துவிடுகின்றன.

வீட்டு எண்களும் அப்படித்தான். 1770-71இல் படைக்கு ஆள்சேர்ப்பதற்காக வீடுவீடாக எண் போட்டார்கள். அதன்பின் கட்டிய வீட்டுக்கு, அது எந்தத் தெருவில் இருந்தாலும், கடைசி எண்ணுக்கு அடுத்தது. ஆகவே 12ஆம் எண்ணுக்குப் பக்கத்து வீடு 200க்கு மேல் இருக்கலாம். பிற்பாடு எண்களை மாற்றியும் இருக்கிறார்கள் என்பதால், எண் ஒன்றாக இருப்பதை மட்டும் வைத்து ஒரே வீடு என்று முடிவு கட்டக் கூடாது. வரைபடத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

அந்த வரைபடத்தை விளக்கிய நில அளவையாளருக்கும் கடன்பட்டிருக்கிறோம். 1817 ஆணையின்படி ஆஸ்திரியப் பேரரசில் நிலவரிக்காக அளந்த வரைபடத் தொகுதி இது. அளவு விகிதம் 1:2880. இந்த விநோத எண் எங்கிருந்து வந்தது? வியன்னா பாகம் என்பது பழைய நீட்டலளவு; ஒரு பாகம் 72 வியன்னா அங்குலம், அதாவது 1.896 மீட்டர், வரைபடத்தில் ஓர் அங்குலம் தரையில் 40 பாகம், 72 பெருக்கல் 40. நிலத்தின் அலகு 'யோக்', அதாவது நுகம்: 1600 சதுரப் பாகம், சுமார் 5755 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறக்குறைய 1 ஏக்கர் 42 சென்ட். வரைபடத்தை வீட்டில் அச்செடுத்து ஸ்கேல் வைத்து அளப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அச்சுப்பொறி 'தாளுக்கேற்பச் சுருக்கு' என்ற தெரிவை ஓசைப்படாமல் போட்டுவைத்திருக்கும். அதை எடுத்துவிடாவிட்டால் எல்லா நிலமும் சிறுத்துப்போகும்.

பணக் கணக்கைச் சீர்செய்தவர் கேட்டுக்கொண்டதால் அதையும் சொல்கிறோம். அன்றைய ஆஸ்திரியப் பணமான குல்டன் ஒன்றுக்கு 1857 வரை 60 குரோய்ட்ஸர் சில்லறை. 1858 முதல் 100. போதாததற்கு 1811இல் அரசு திவாலாகி, காகிதப் பணத்தின் மதிப்பை ஐந்தில் ஒன்றாகக் குறைத்தது. அதனால் 1804இன் குல்டனையும் 1850இன் குல்டனையும் ஒரே பத்தியில் கூட்டக் கூடாது. மினாரெட்டுக்கு ஆன செலவையும் மாளிகைக்கு ஆன செலவையும் ஒப்பிட்டு நாங்கள் எழுதியிருந்த பகுதி இந்தக் காரணத்தால் முழுதாக நீங்கியது. நல்லதுதான்.

மினாரெட் பற்றி எல்லாரும் கேட்பது ஒரு கதை: பிரபு ஊருக்குத் தேவாலயம் கட்டித் தர வந்தார், ஊரார் முரண்டு பிடித்தார்கள், கோபத்தில் மசூதிக் கோபுரம் எழுப்பினார் என்று. அதைக் கதை என்றே போட்டிருக்கிறோம். அது தொழுகைக்கான இடம் அல்ல, பூங்கா அலங்காரம். 1797இல் தொடங்கி 1804 வரை நடந்த வேலை. உயரம் கிட்டத்தட்ட 60 மீட்டர், 302 படி. அடியில் ஆற்றுச் சேறு என்பதால் மரத்தூண்களை அடித்து இறக்கி அதன்மேல் கட்டினார்கள். நீருக்குள் முழுதாக மூழ்கிய மரத்துக்குக் காற்று கிடைக்காது, பூஞ்சை பிடிக்காது. நீர்மட்டம் இறங்கித் தூணின் தலை வெளியே வந்தால்தான் கவலை. வடிவமைத்தவர் யோசப் ஹார்ட்முத். களிமண்ணையும் கிராஃபைட்டையும் குழைத்துச் சுட்டுப் பென்சில் செய்த அதே ஹார்ட்முத். அவருடைய நிறுவனம்தான் பின்னாளில் நம் கோல்கொண்டா வைரத்தின் பெயரை வைத்து 'கோஹினூர்' பென்சிலை விற்றது.

ஆற்றைப் பற்றிச் சொல்லித்தந்த வனத்துறைக்காரருக்கும் நன்றி. டியே வருடாவருடம் பூங்காவை முக்கிவந்தது. 1805 முதல் 1811 வரை மாளிகைக்கு முன்னால் ஏரி வெட்டி, வெட்டிய மண்ணைக் கொட்டிப் பூங்காத் தரையை உயர்த்தினார்கள்; மிச்ச மண் ஏரிக்குள்ளேயே தீவுகளானது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேலே நோவே மிலீனி நீர்த்தேக்கங்கள் வந்ததும் கதை தலைகீழானது: வெள்ளம் நின்று, வெள்ளத்தை நம்பியிருந்த கரைக்காடு காய்ந்தது. முஷோவ் என்ற ஊரே அந்த நீரில் போனது. தேவாலயம் மட்டும் தீவாக நிற்கிறது.

கண்ணாடி வீட்டைக் காட்டிய தோட்டக்கலைஞர்களுக்கு நன்றி. 1843-45இல் டெவீன்யெ என்பவர் வடிவமைத்தது. 92 மீட்டர் நீளம். உள்ளே வார்ப்பிரும்புத் தூண்கள் மூங்கில் கணு போட்டு நிற்கின்றன. தட்டிப் பார்த்தால்தான் இரும்பு என்று தெரியும். இதற்குப் பகை மழை அல்ல, உள்ளிருந்து வரும் ஈரம். வெப்பச் செடிகளின் மூச்சு குளிர்ந்த கண்ணாடியில் துளிர்த்து, கம்பியோடு வழிந்து மூட்டில் தேங்கும். அங்கே இரும்பு துருப்பிடித்து உப்பும். உப்பிய துரு கண்ணாடியை நெருக்கி விரிசல் விடவைக்கும். உடைந்த கண்ணாடியை மட்டும் மாற்றுவது வீண்வேலை, மூட்டைச் சுரண்டி வண்ணம் பூசிய பிறகே புதுக் கண்ணாடி என்று அவர்கள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறோம். நூலக அறையின் சுழல் படிக்கட்டு ஒரே ஓக் மரத்தில் செதுக்கியது என்ற பேச்சை மட்டும் சேர்க்கவில்லை. வியன்னாவின் கார்ல் லைஸ்ட்லர் பட்டறை செய்தது என்று நிறுத்திக்கொண்டோம்.

கடைசி அத்தியாயம்தான் கடினமானது. 1938 அக்டோபரில் ஊர் ஜெர்மனியோடு சேர்க்கப்பட்டது. 1945இல் மாளிகையும் நிலமும் பறிமுதலாயின. ஜெர்மன் பேசிய ஊர்க்காரர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பதிவேட்டில் நூற்றாண்டுகளாக வரும் குடும்பப் பெயர்கள் அங்கே அறுந்துபோவது இதனால்தான். குடும்பத்தின் ஆவணங்களில் ஒரு பகுதியை அதே ஆண்டு சோவியத் படை எடுத்துப்போனது. ரஷ்யப் பேரரசர் குடும்பத்தின் கொலையை விசாரித்த சொகொலோவின் கோப்புகளை விலைக்கு வாங்கி, அவற்றைக் கொடுத்து, 1990களில்தான் பிரபு குடும்பம் தன் காகிதங்களை மீட்டது. செக் நாட்டுக்கும் அந்தக் குடும்பம் ஆளும் லிக்டன்ஸ்டைன் நாட்டுக்கும் தூதரக உறவே 2009இல்தான் வந்தது. 2020இல் லிக்டன்ஸ்டைன் இந்தப் பறிமுதல் விவகாரத்தை ஸ்ட்ராஸ்பூர்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. இரு பக்கத்தாரும் எங்கள் வரைவைப் படித்து, தங்களுக்குப் பிடிக்காத வரிகளையும் விட்டுவைத்தீர்கள். அந்தப் பெருந்தன்மைக்குத் தனி நன்றி.

பிரதிகள் தபாலில் வருகின்றன. நில அளவையாளரிடம் மட்டும் ஒரு மன்னிப்பு: வரைபட விளக்கத்தில் கல் கட்டடம் சிவப்பு, மர வீடு மஞ்சள் என்று நீங்கள் எழுதித் தந்தது அச்சில் இடம் மாறிவிட்டது. ஒவ்வொரு பிரதியிலும் திருத்தச் சீட்டு ஒட்டியிருக்கிறோம்.

இப்படிக்கு,
தொகுப்பாளர்கள்