18 வயதுக்குப் பிறகும் ஆட்டிசம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 2, உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளையொட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களில் இருந்தவர்கள் எல்லோரும் குழந்தைகள். உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களும் 18 வயது வரைதான் பார்க்கின்றன. அதற்கு மேற்பட்டவர்கள் பதற்றம், தூக்கமின்மை, எந்த வேலையிலும் ஆறு மாதம் நிற்க முடியவில்லை என்று பொதுவான மனநல ஆலோசனைக்குத்தான் வருகிறார்கள். அங்கே மற்றவர்களுக்குச் செய்வதையே இவர்களுக்கும் செய்தால் பலன் இல்லாமல் போவது மட்டுமல்ல, சில நேரம் நிலைமை மோசமாகிறது. மதுரை வட்டாரத்தில் ஆலோசனை தருகிறவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் பயன்படும் என்பதால் விவரமாக எழுதுகிறோம்.

முதல் சிக்கல், "இப்ப மனசுக்கு எப்படி இருக்கு?" என்ற கேள்வியிலேயே வருகிறது. ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தன் உணர்ச்சி இன்னதென்று பெயர் சொல்வது கடினம். "தெரியலை" என்பார்கள். அதை ஒத்துழையாமை என்று எழுதி வைத்துவிடுகிறோம். "நேற்று சாயங்காலம் 4 மணியிலிருந்து 6 மணி வரை என்ன நடந்தது?", "தாடை இறுகி இருந்ததா?", "மிச்சமிருக்கும் தெம்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண்?" என்று கேட்டால் பதில் வரும். பசி, தாகம், சிறுநீர் முட்டுவதுகூடச் சிலருக்குத் தாமதமாகத்தான் உறைக்கும். எரிச்சலாக வந்து உட்கார்ந்தவர் காலையிலிருந்து சாப்பிடவே இல்லை என்பது கேட்டால்தான் தெரியும். கேள்விக்குப் பின் பத்து விநாடி சும்மா இருங்கள். அதற்குள் கேள்வியை வேறு வார்த்தையில் மாற்றிக் கேட்டால் அவர் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும். பேச வராத நாளில் போனில் தட்டச்சு செய்து காட்டட்டும், அதுவும் பேச்சுதான்.

மூச்சைக் கவனிக்கும் பயிற்சி எல்லோருக்கும் பொருந்தாது. உடம்புக்குள் கவனத்தைத் திருப்பினாலே சிலருக்குப் படபடப்பு கூடும். அவர்களுக்கு நடப்பது, முன்னும் பின்னும் ஆடுவது, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது உதவும். கையை உதறுவதையும் விரலைச் சுழற்றுவதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். காயம் ஏற்படுத்தும் அசைவுக்கு மட்டும் மாற்று வழி தேடினால் போதும்.

பயத்தைப் போக்கப் படிப்படியாகப் பழக்கும் முறையில்தான் பெரிய தவறு நடக்கிறது. அஞ்சியது நடக்கவில்லை என்று மனம் கண்டுகொள்வதால் பயம் குறைகிறது. ஆனால் காற்று ஹாரன் சத்தத்தில் காது உண்மையாகவே வலிக்கிறவருக்கு, ஒவ்வொரு முறையும் அஞ்சியது நடக்கிறதே! ஆகவே பயத்தையும் புலன் வலியையும் முதலில் பிரித்தறிய வேண்டும். அந்நியரிடம் பேசப் பயம் என்றால் படிப்படியாகப் பழக்கலாம். மாட்டுத்தாவணி பேருந்து நிலைய இரைச்சல் தாங்கவில்லை என்றால் காதடைப்பான், கூட்டம் குறைந்த நேரம், நிற்க ஓர் ஒதுக்கமான இடம் என்றுதான் திட்டமிட வேண்டும். சித்திரைத் திருவிழா நாட்களில் தெருமுனைக் குழாய் ஒலிபெருக்கிக்கும் வேட்டுக்கும் முன்கூட்டியே ஏற்பாடு வேண்டும். முடிந்தால் அந்த வாரம் வேறு உறவினர் வீடு.

இன்னொன்று, சோர்வு. கண்ணைப் பார்த்துப் பேசு, எல்லோரும் சிரிக்கும்போது சிரி என்று ஆண்டுக்கணக்கில் நடித்துப் பழகியவர்கள் ஒரு கட்டத்தில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்கள். இப்படி மறைத்து வாழ்வதற்கும் தற்கொலை எண்ணத்துக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தச் சோர்வை மனச்சோர்வு நோய் என்று மட்டும் எடுத்துக்கொண்டு, "நாலு பேரோடு பழகு, கல்யாணம் காட்சிக்குப் போ" என்றால் இன்னும் விழுவார். மனச்சோர்வில் பிடித்ததிலும் நாட்டம் போய்விடும். இதிலோ நாட்டம் இருக்கும். பேச, சமைக்க, குளிக்கத் தெம்பு இருக்காது, வெளிச்சமும் சத்தமும் முன்பைவிட உறுத்தும். சுமையைக் குறைப்பதே முதல் மருந்து. இரண்டும் சேர்ந்தும் வரலாம். மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். உயிரை மாய்க்கும் எண்ணம் இருந்தால் காத்திருக்காமல் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

அறைக்கு அதிகச் செலவில்லை. பழைய சோக் போட்டு மினுக்கும் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். நாற்காலிகளை எதிரெதிரே போடாமல் பக்கவாட்டில் திருப்பிப் போடுங்கள். எந்த வாசல், எவ்வளவு நேரம், என்ன கேட்கப்படும், கட்டணம் எவ்வளவு என்பதை முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். டோக்கன் கொடுத்து மூன்று மணி நேரம் உட்கார வைத்தால், உள்ளே வரும்போதே அவருடைய தெம்பு தீர்ந்திருக்கும். முடிவில், பேசி முடிவானதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். "கொஞ்சம் வெளியே போய்வாங்க" என்பதை விட "செவ்வாய் காலை 7 மணிக்கு 15 நிமிடம் நடை" என்பது நடக்கும்.

அம்மாவிடம் கேட்டு அம்மாவே பதில் சொல்லும் வழக்கம் நம் பக்கம் அதிகம். 18 வயதைத் தாண்டியவரிடம்தான் சம்மதம் கேட்க வேண்டும். அவர் விரும்பினால் அம்மா உடனிருக்கலாம். "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்" என்பதற்குப் பதில் எழுதவே எங்களுக்கு அலுப்பாக இருக்கிறது. ஸ்டெம்செல் ஊசி, ஆக்சிஜன் அறை, உடலிலிருந்து உலோகத்தை நீக்கும் மருந்து எதுவும் ஆட்டிசத்தை மாற்றாது. பணம் போகும், கடைசியாகச் சொன்னதில் உயிருக்கே ஆபத்து உண்டு.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் உண்டு. சான்றிதழுக்குப் பயன்பட்டுவரும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். 70-க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. மதிப்பெண் போடுவது ஒரு நடத்தை எவ்வளவு அடிக்கடி நிகழ்கிறது என்பதைப் பொறுத்து. நன்றாகப் பேசிப் பழகிய பெரியவர் அந்த ஒரு மணி நேரம் சமாளித்துவிடுவார், மதிப்பெண் குறையும். எனவே எது, வாரத்தில் எத்தனை முறை, எந்த வயதிலிருந்து என்று எழுதிக்கொண்டு, பழைய பள்ளி அறிக்கைகளையும் எடுத்துப் போங்கள். குறைபாடு 40 விழுக்காடும் அதற்கு மேலும் என்று சான்று கிடைத்தால்தான் அரசு வேலை இடஒதுக்கீடு.

மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு என்ன வசதி தரப்படும் என்று சொல்லும் சமவாய்ப்புக் கொள்கையை வெளியிடுவது அதே சட்டப்படி தனியார் நிறுவனங்களுக்கும் கடமை. இலந்தைக்குளம் ஐ.டி. நிறுவனமானாலும் விளக்குத்தூண் ஜவுளிக் கடையானாலும், வாயால் சொன்ன வேலையை இரண்டு வரி எழுதித் தருவது, ஷிப்ட் மாற்றத்தை முந்தைய நாளே சொல்வது, கல்லாவுக்குப் பதில் கிடங்குக் கணக்கைக் கொடுப்பது ஆகிய மூன்றையும் நாளைக்கே தொடங்கலாம்.

இப்படிக்கு,
மனநல ஆலோசகர்கள் சிலர்,
மதுரை.