மூன்று முதலமைச்சர்களும் ஒரே மேசைக்கு வாருங்கள்: கூடலூரிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் மாண்புமிகு முதலமைச்சர்களுக்கும் வனத்துறை அமைச்சர்களுக்கும்,

வணக்கம்.

முதுமலை, வயநாடு, பந்திப்பூர் என்று மூன்று பலகை மாட்டியிருக்கிற ஒரே காட்டின் ஓரத்தில், கூடலூர்ப் பக்கத்தில் குடியிருப்பவன் எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்து இந்தக் காட்டை மூடிக்கொண்டிருக்கிற மஞ்சள் கொன்றையைப் பற்றியும் உன்னிச்செடியைப் பற்றியும் உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. உங்கள் துறைகளிடம் வரைபடம் இருக்கிறது, ஆய்வறிக்கை இருக்கிறது, தமிழ்நாட்டில் உயர் நீதிமன்ற உத்தரவும் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்று 2022இல் வந்த தனிக் கொள்கையும் இருக்கின்றன. மூன்று அரசும் உட்கார்ந்து ஒரே காட்டுக்கு ஒரே திட்டம் போட்ட நாள் மட்டும் இன்னும் வரவில்லை.

கோபம் வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லையோரத்தில் ஓர் இடத்தில் மஞ்சள் கொன்றையை வெட்டி, லாரியில் ஏற்றிக் காகித ஆலைக்கு அனுப்பினார்கள். நல்ல ஏற்பாடுதான், களை காகிதமாகிறது, அரசுக்கும் வருமானம். ஆனால் வெட்ட வந்த ஒப்பந்தக்காரர் மரத்தைத் தரைக்கு மேலே அறுத்தாரே தவிர வேர்ப்பக்கம் போகவில்லை. அடுத்த மழைக்கு ஒவ்வொரு அடிக்கட்டையிலும் நாலைந்து கிளை துளிர்த்து இப்போது முன்பைவிட அடர்த்தியாக நிற்கிறது. ஓடைக்கு அந்தப் பக்கம் அடுத்த மாநிலம். அங்கே யாரும் கத்தியே வைக்கவில்லை. மரம் முழுக்க மஞ்சள் பூ, சுற்றுலா வருகிறவர்கள் காரை நிறுத்தி செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் பூவெல்லாம் காயாகி முற்றி உதிர்ந்தால் விதை ஓடையில் விழும், ஓடை இங்கேதான் வரும்.

இதைச் சொல்லப் போன அலுவலகத்தில் கிடைத்த பதில்: "அது அவங்க ஏரியா சார், நாம என்ன பண்ண முடியும்?" அந்தப் பக்கம் இருக்கிற நண்பர் அவருடைய அலுவலகத்தில் கேட்டாராம். "அந்த விதையே தமிழ்நாட்டிலிருந்துதான் வருகிறது" என்று அனுப்பிவிட்டார்களாம். ஆக, எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று இரண்டு பக்கமும் நன்றாகத் தெரிகிறது. மரத்துக்குத்தான் தெரியவில்லை.

வயநாடு சரணாலயத்தின் 344 சதுர கிலோமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த மரம் ஏறிவிட்டது என்று கணக்கெடுத்துச் சொன்னார்கள். அழகுக்கும் நிழலுக்கும் என்று மனிதர்கள் கொண்டுவந்து வைத்த மரம்தான் இது. முதுமலைக்குள்ளும் வந்தாயிற்று, பந்திப்பூரிலும் இருக்கிறது. இதன் அடியில் புல் முளைக்காது. புல் இல்லாத காட்டில் மான் எதை மேயும், யானை எதைத் தின்னும்? தோட்டத்துக்கு வரும். வந்தால் விரட்டுவோம், கும்கி வரும், அப்புறம் பிடித்து எங்காவது கொண்டுபோய் விடுவோம். 2025 செப்டம்பரில் ஓவேலியில் ராதாகிருஷ்ணன் என்று பெயர் வைத்திருந்த யானையைப் பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோய் விட்டீர்கள். அது தாக்கி அத்தனை மனித உயிர் போன பிறகு வேறு வழியில்லை, சரி. ஒவ்வொரு யானைக்கும் ஒரு முண்டந்துறை இருக்கிறதா?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஒரு பாதையைப் பற்றி. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இருப்பவர்களுக்குத் தொந்தரவு வரும். பழங்குடிக் குடியிருப்பு ஒன்று. அங்கிருந்து தார் ரோட்டுக்கு வர ஒற்றையடிப் பாதைதான். இரண்டு பக்கமும் உன்னி, ஆள் உயரத்துக்கு மேல், முள்ளும் கொடியுமாகப் பின்னிக்கொண்டு சுவர் மாதிரி நிற்கிறது. உள்ளே யானை நின்றால் தெரியாது. காது அசைக்காமல் நின்றால் பத்தடியில் போகிறவருக்கும் தெரியாது. காலையில் பனி இறங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். எஸ்டேட்டுக்குக் கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் நேரத்துக்குப் போகாவிட்டால் கூலி போய்விடும் என்று அந்தப் பனியிலேயே கிளம்புகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்து, முன்னால் ஒரு பெரியவர் தகரத்தைத் தட்டிக்கொண்டு, கத்திக்கொண்டு போகிறார். பெரியவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பிரசவ வலி எடுத்தால் ஆம்புலன்ஸ் தார் ரோட்டோடு நின்றுவிடும், ராத்திரி அந்தப் பாதையில் தூக்கிக்கொண்டு வர வேண்டும்.

அங்கே ஒரு பாட்டி சொன்னார், யானை எங்களுக்குப் புதுசு இல்லை, முன்னாடி புல்லாக இருந்தது, தூரத்திலேயே பார்ப்போம், அதுவும் எங்களைப் பார்க்கும், அது பாட்டுக்குப் போகும், நாங்கள் பாட்டுக்குப் போவோம் என்று. இப்போது இரண்டு பேருமே கடைசி நொடியில்தான் பார்த்துக்கொள்கிறார்கள். பயந்த யானையும் பயந்த மனிதரும் பத்தடியில் எதிரெதிரே நின்றால் என்ன ஆகும் என்று உங்கள் துறையின் இழப்பீட்டுக் கோப்புகளில் இருக்கிறது. பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊர்க்காரர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. பாதையோர உன்னியை நாங்களே அகற்றிக்கொள்கிறோம், கூலிகூட வேண்டாம் என்று கேட்டார்கள். அனுமதியில்லாமல் ஒரு குச்சியைத் தொட்டாலும் வழக்கு என்றார்கள். எழுதிக் கொடுத்தார்கள். பாதையில் பாதி புலிகள் காப்பகத்தின் வெளிமண்டலம், மீதி செக்‌ஷன் 17 நிலம் (உரிமை இன்னும் தீராத ஜன்ம நிலம்), அதற்கு வேறு இடத்தில் கேட்க வேண்டும் என்று பதில் வந்தது. 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் காட்டைக் காக்கவும் மீட்கவும் கிராமசபைக்கே உரிமை தருகிறது. சட்டம் இருக்கிறது, உன்னியும் இருக்கிறது.

உன்னியை எப்படி எடுப்பது என்று இவர்களுக்குத் தெரியும். மேலே வெட்டினால் பத்தாகத் தழையும். மண்ணுக்குள் நாலு விரல் தோண்டி ஆணிவேரை அறுத்து, செடியைத் தலைகீழாகப் போட வேண்டும், பழம் பழுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் சின்னான் குருவி தின்று நாலு இடத்தில் விதைத்துவிடும். அப்புறம் இரண்டு மூன்று வருஷம் திரும்பத் திரும்ப வந்து முளைத்ததைப் பிடுங்கி, இந்த மண்ணின் புல்லையும் மரத்தையும் வரவைக்க வேண்டும். மஞ்சள் கொன்றையிலும் அப்படித்தான், கன்றாக இருந்தால் வேரோடு, பெரிய மரமானால் பட்டையை உரித்து நிற்க வைத்துச் சாகடிக்க வேண்டும். ஒரு டெண்டரில் வந்து ஒரு பில் போட்டு முடிகிற வேலை இல்லை. இதே உன்னிக் குச்சியில் இங்கே இருக்கிற பழங்குடி மக்கள் செய்த ஆளுயர யானைகள் கப்பலேறி லண்டன், அமெரிக்கா எல்லாம் போய்க் கண்காட்சியில் நின்றன, உலகமே படம் எடுத்துப் போட்டது. அந்தக் கைகளை நம்பிக் காட்டைக் கொடுக்க மட்டும் நமக்குத் தயக்கம்.

காலநிலை என்று சொன்னால்தான் இப்போது பெரியவர்கள் கூடுகிறார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் கிரேட்டர் நொய்டாவில் உலக நாடுகள் கூடியபோது, 2030க்குள் 2.6 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்போம் என்று பிரதமர் அறிவித்தார். பாரிஸ் ஒப்பந்தத்துக்காக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைக் கூடுதலாகக் காடுகளில் பிடித்து வைப்போம் என்று இந்தியா வாக்குக் கொடுத்திருக்கிறது. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் பசுமைப் பரப்பை 33 சதவீதம் ஆக்கப் போகிறது. எல்லாம் சந்தோஷம். ஆனால் காய்ந்த உன்னிப் புதர் கோடையில் எப்படிப் பற்றிக்கொள்ளும் என்று 2019 பிப்ரவரியில் பந்திப்பூர் எரிந்தபோது மைசூர்க்காரர்கள் பார்த்தார்கள், நாங்களும் இங்கிருந்து புகையைப் பார்த்தோம். பல வருஷம் பிடித்து வைத்த கரி நாலைந்து நாளில் வானத்துக்குப் போயிற்று. 2030க்கு இன்னும் எத்தனை கோடை பாக்கி?

எண்ணிக்கையை மட்டும் பார்த்து மரம் நட்டால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரியை விடப் பெரிய சாட்சி வேண்டாம். மேலே புல்வெளியைப் பார்த்து, ஐயோ மரமே இல்லையே என்று வெள்ளைக்காரன் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) நட்டான். சுதந்திரத்துக்குப் பிறகு நம் துறையும் மலை மலையாக நட்டது, அந்த மரங்கள் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழாகப் போயின. ஆலை மூடிவிட்டது, சீகை மூடவில்லை. இன்றைக்கு அவலாஞ்சியிலும் அப்பர் பவானியிலும் அதே சீகையை வெட்டிப் புல்லை வரவைக்கச் செலவு செய்கிறோம். புல்லும் சோலையும் சேர்ந்துதான் அங்கே காடு, அந்தப் புல்தான் மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விடும். ஆகவே கூடிப் பேசும்போது தயவுசெய்து கோடி கன்று என்ற பேச்சோடு வராதீர்கள். சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5ஆம் தேதி ஃபிளெக்ஸ் பேனருக்கு முன்னால் அமைச்சர் பூவாளியோடு நிற்கிற படம் எங்களிடம் போதுமான அளவு இருக்கிறது. நட்டது எத்தனை என்று கேட்காமல் மூன்று வருஷம் கழித்து உயிரோடு இருப்பது எத்தனை என்று கேட்கிற தலைவர் ஒருவர் கிடைத்தால், அவருக்கு நாங்களே பேனர் கட்டுகிறோம்.

காவிரிக்காக நீங்கள் மூன்று பேரும் எத்தனை வருஷம் நீதிமன்றத்தில் நின்றீர்கள்! 1990இல் தீர்ப்பாயம், 2007இல் தீர்ப்பு, 2018இல் மறுபடி உச்ச நீதிமன்றம். கபினி எங்கே பிறக்கிறது? வயநாட்டில். எங்கே போய் அணையில் நிற்கிறது? கர்நாடகத்தில். கடைசியில் காவிரியில் சேர்ந்து எங்கே வருகிறது? மேட்டூருக்கு. மோயாறு முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவில் ஓடிப் பவானிசாகரில் விழுகிறது. டி.எம்.சி. கணக்குக்கு வக்கீல் வைக்க முடிகிறது, அந்தத் தண்ணீரைத் தருகிற காட்டுக்கு ஒரு கூட்டம் போட முடியவில்லை. காட்டு வழக்கும் நமக்குப் புதிதில்லை. நாடு முழுவதற்கும் காட்டுச் சட்டத்தை மாற்றிய கோதவர்மன் வழக்கே 1995இல் கூடலூர்க் காட்டை வெட்டுகிறார்கள் என்று நிலம்பூர்க்காரர் ஒருவர் போட்டதுதான். எல்லை தாண்டிய காட்டுக்காக அவருக்கு வந்த கவலை, ஒரு அரசாங்கத்துக்கு வராதா?

நீங்கள் கூடிப் பேசியதே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 மார்ச்சில் பந்திப்பூரில் மனித–விலங்கு மோதலுக்காகக் கேரள, கர்நாடக வனத்துறை அமைச்சர்கள் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள், தமிழ்நாட்டிலிருந்து அதிகாரிகள் போனார்கள். அதே வருஷம் ஜூலை 30ஆம் தேதி நிலச்சரிவில் வயநாட்டின் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போயின. எங்கள் மலைக்கு மறுபக்கம்தான் அது. மழை இப்போது பெய்கிற விதம் மாறிவிட்டது என்று சொல்ல எங்களுக்கு அறிக்கை வேண்டாம், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதைப் பார்த்தவர்கள் நாங்கள்.

பணம் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். காட்டை அழித்ததற்கு ஈடாக வசூலித்த காம்பா நிதியில் 2019இல் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். எதையோ எழுதி எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். பணிவாகக் கேட்க வந்தது இவ்வளவுதான்.

மூன்று முதலமைச்சர்களும், அமைச்சர்களும், கூடவே பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் கிராமசபைகளிலிருந்து வருகிறவர்களும் ஒரே மேசையில் உட்காருங்கள். அதிகாரிகளை அனுப்பிவிட்டு நீங்கள் வாழ்த்துச் செய்தி அனுப்ப வேண்டாம், நீங்களே வாருங்கள். எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே பருவத்தில், காய் முற்றுவதற்கு முன்னால் வேலை நடக்கிற மாதிரி ஒரே அட்டவணை போடுங்கள். அந்த வேலையை ஒப்பந்தக்காரருக்கு ஒரு வருஷத்துக்குக் கொடுக்காமல் அங்கேயே இருக்கிற மக்களுக்கு ஒழுங்கான சம்பளத்தோடு பல வருஷத்துக்குக் கொடுங்கள். முதல் வேலையாக, பிள்ளைகள் நடக்கிற பாதைகளின் இரண்டு பக்கமும் சுத்தம் செய்ய அந்தந்த ஊருக்கு அனுமதி கொடுங்கள், அதற்கு உங்கள் கூட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இடத்துக்குச் சண்டை வராமல் இருக்க யோசனை ஒன்று: தெப்பக்காடு, முத்தங்கா, பந்திப்பூர், எதுவானாலும் எங்களுக்குச் சம்மதம், டீ எங்கள் செலவு. பந்திப்பூர் என்று முடிவானால் மட்டும் இரவு ஒன்பது மணிக்குள் பேசி முடித்துவிடுங்கள், அதற்கு மேல் ரோட்டை மூடிவிடுவார்கள். அந்த விதியும் நல்ல விதிதான். தேதியை மட்டும் சீக்கிரம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மரியாதையுடன்,
கூடலூர்க்காரன் ஒருவன்