செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பொங்கல் ஒன்றுகூடல், சிறுவர் பேச்சுப் போட்டி, தீபாவளி விருந்து மூன்றும் வழக்கம்போல் இனிதே நடந்தேறின.

நான் முன்னின்று நடத்திய வேளாண் மானியக் கலந்துரையாடலைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் ஊர்ச் சங்கத்துக்கு இது எதற்கு என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். நம்மில் பலருக்கு இன்றும் டெல்டாவில் நிலமும் பட்டாவும் உள்ள நிலையில், அரசுப் பணம் யார் பெயருக்குப் போகிறது என்பது நமக்குத் தொடர்பில்லாத செய்தியன்று.

முதல் அமர்வில் ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொண்டோம். ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஒரு பண்ணை நிறுவனமும் ஒரு விவசாயியும் தொடுத்த வழக்கில், மானியம் பெற்ற தனிமனிதர் அனைவரின் பெயரையும் தொகையையும் வேறுபாடின்றி இணையத்தில் இடுவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று ஒன்றியத்தின் நீதிமன்றம் 2010 நவம்பர் 9ஆம் நாள் தீர்ப்பளித்தது. எனினும் கதவு மூடப்படவில்லை. 2013இல் விதிகள் திருத்தப்பட்டுப் பெயர்கள் மீண்டும் வெளிவந்தன. சிறு தொகை பெறுவோருக்கு மட்டும், 1,250 யூரோவை எல்லையாகக் கொண்டு, பெயரை மறைக்க இடமளித்தார்கள். இங்கேயும் 2020இல் சிங்கப்பூர் உணவு அமைப்பு ஒன்பது நிறுவனங்களுக்கு 39.4 மில்லியன் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மானியம் அறிவித்தபோது அவற்றின் பெயர்கள் செய்தித்தாள்களில் வந்தன.

இரண்டாம் அமர்வுதான் சலசலப்புக்குக் காரணம். 2019இல் இந்திய அரசு தொடங்கிய பிஎம் கிசான் திட்டம் விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் தருகிறது. வெள்ளிக் கணக்கில் நூறுக்கும் குறைவு. மாநிலம், மாவட்டம், வட்டம், ஒன்றியம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தால் பயனாளிகளின் பெயர்கள் எவருக்கும் தெரியும். அதைச் சமூக மன்ற அறையின் திரையில் காட்டியபோது, முன்வரிசையிலிருந்து ஓர் அன்பர், "அண்ணே, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் வேகமா தள்ளுங்க" என்றார். வெளிநாடுவாழ் இந்தியர் இத்தொகைக்குத் தகுதியற்றவர் என்பதை நான் அதற்கு முன்பே சொல்லிவிட்டிருந்தேன். அடுத்த அமர்வுக்குச் சிலர் வரவில்லை. பட்டியல் அரசாங்கத்துடையது, நான் அதைப் பெரிதாக்கிக் காட்டினேன், அவ்வளவுதான். 2020இல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் முதலிய மாவட்டங்களில் தகுதியற்றோர் இலட்சக்கணக்கில் சேர்க்கப்பட்டு, நூறு கோடி ரூபாய்க்கு மேல் போனது அம்பலமான பிறகு, பெயர்களை ஊரார் படித்துப் பார்ப்பதைக் குறை சொல்வோரை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன. கையிருப்பு மனநிறைவு தருவதாகப் பொருளாளர் தெரிவிக்கிறார். விவரம் வேண்டுவோர் அவரைத் தனியே அணுகலாம்.

சந்தா பாக்கி வைத்திருப்போரின் பெயர்களை இக்கூட்டத்தில் வாசிக்கலாம் என்று நான் முன்மொழிந்ததும், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை உடனே நினைவூட்டிய உறுப்பினர் மூன்றாண்டுகளாகச் சந்தா கட்டாதவர். ஆகவே ஐரோப்பியர் வழியைப் பின்பற்றி, ஓராண்டுப் பாக்கியை மறைத்துவிட்டு, அதற்கு மேற்பட்டதை மட்டும் வெளியிடும் தீர்மானத்தை இக்கூட்டத்தின் முன் வைக்கிறேன். சென்ற ஆண்டு விருந்தில் இரண்டாம் பந்தியிலும் அமர்ந்த சிலர் அப்பட்டியலில் இருப்பது தற்செயலே.

தலைவருக்கும், அறை தந்த சமூக மன்றத்துக்கும், வாழையிலை வாங்கி வந்த இளைஞர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு தமிழ்நாட்டின் பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டைப் பற்றிப் பேச எண்ணியிருக்கிறேன். அறை வாடகைக்கு வழியில்லாவிட்டால் அத்தொடரும், இப்பொறுப்பில் நான் நீடிப்பதும் ஐயத்துக்குரியவை. கைப்பேசி வழியே பணம் அனுப்பப் பொருளாளரின் பேநவ் எண் வாசலில் ஒட்டப்பட்டுள்ளது. அவர் இரவு பத்து மணி வரை இங்கேதான் இருப்பார்.

பணிவன்புடன்,
செயலாளர்